தன் வலி அறிதல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மழையையும் பனியையும் பொருட்படுத்தாது, குறுக்குப் பாதையில் நடந்தும் பஸ் ஏறியும் இம்மண்டபத்தில் வந்து கூடியிருக்கும் உங்கள் யாவருக்கும் நமது வணக்கம். வாலிபரின் எதிர்காலம் பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி சங்கத்தார் நம்மைப் பணித்தார்கள். அது மிகவும் விரிந்த பொருள். அதில் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு வாலிபன் தனக்கு உரிய நாட்டம் எதுவென்று எவ்வாறு கண்டுகொள்வது என்பதே அப்பகுதி.

வீட்டுக்கு வரும் உறவினர் பிள்ளையைப் பார்த்து, "நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்கிறார்கள். பிள்ளை தலையைச் சொறிகிறான். டாக்டர் என்கிறான், எஞ்சினியர் என்கிறான், பிறர் மெச்சும் பெயராக ஒன்றைச் சொல்லி வைக்கிறான். பின்னர் சாதாரண தரப் பரீட்சை வருகிறது. கணிதத்தில் தவறினால் அவனுடைய கதை முடிந்தது என்று லயம் முழுவதும் தீர்மானித்துவிடுகிறது. அடுத்த மாதமே அவன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக் கடைக்குப் புறப்படுகிறான். கடைவேலை இழிந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. நேர்மையான தொழில் எதுவும் இழிந்ததன்று. ஆனால், தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பாராமல், தன்னிடம் இல்லாத ஒன்றை மட்டுமே எண்ணிக்கொண்டு ஒருவன் வீட்டைவிட்டுப் போகிறானே, அதுவே நமக்குத் துயரம் தருவது.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசனுக்குச் சொன்னதாயினும் அது நம் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். செயலில் இறங்குமுன் செயலின் வலிமையையும் தன் வலிமையையும் தூக்கிப் பார் என்கிறார் வள்ளுவர். தன் அளவு அறியாமல் ஊக்கம் ஒன்றையே நம்பிப் புறப்பட்டு நடுவழியில் முறிந்தவர் பலர் என்றும் எச்சரிக்கிறார். ஊக்கம் வேண்டாம் என்பது அவர் கருத்தன்று. ஊக்கம் ஊன்றி நிற்பதற்கு உறுதியான இடம் வேண்டும் என்பதே கருத்து.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். இந்த மலைகளில் நம் முன்னோர் முதலில் வளர்த்தது தேயிலை அன்று, கோப்பி. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் ஒரு பூஞ்சண நோய் கண்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் பாழாயின. இடையிலே சிங்கோனா மரத்தை நட்டுப் பார்த்தார்கள். அதன் விலையும் விழுந்தது. அந்நோய் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தமது பங்களாவின் விறாந்தையிலேயே இலையை உருட்டிப் பதம் பார்த்தார். கோப்பி போனபின் இந்த மலைநாட்டைக் காப்பாற்றியது அந்தத் தேயிலைதான்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. இந்தக் குளிரில் கொழுந்து மெதுவாகத்தான் துளிர்க்கும். காலி, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையின் கருஞ்சிவப்பு நிறமும் கடுப்பும் இங்கே கிடைக்கமாட்டா. நிறத்தை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் நுவரெலியாத் தேயிலை தோற்றுப்போகும். ஆனால் அதன் வாசனைக்கு உலகில் தனி மதிப்பு இருக்கிறது. மெதுவாக வளரச் செய்யும் அதே குளிர்தான் அந்த வாசனைக்கும் காரணம். தாழ்நிலத் தேயிலைக்கு ஒரு சந்தை; மலைத் தேயிலைக்கு வேறொரு சந்தை. பிள்ளைகளையும் நாம் இவ்வாறு பார்க்கவேண்டாமா?

மண்ணைப்பற்றிச் சொன்னோம், இனி மனிதரைப்பற்றிச் சொல்வோம்.

தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகை நடத்தியும் 1931இல் தொழிற்சங்கம் அமைத்தும் பாடுபட்ட கோ. நடேசையரை உங்களிற் பெரியோர் அறிவர். அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மையார். எழுத்தறியாத மக்கள் நிறைந்திருந்த அக்காலத்தில், நீண்ட பிரசங்கம் எத்தனை பேரின் நெஞ்சில் நிற்கும்? அம்மையார் பாட்டுக் கட்டினார். மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுக்களில் அவர்களுடைய குறைகளையே சொல்லாக வைத்துக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அப்பாடல்கள் சிறு நூலாகவும் வெளிவந்தன. தமக்குக் கைவந்த பாட்டையே அவர் தமது மக்களுக்குத் தொண்டு செய்யும் கருவியாக்கிக் கொண்டார்.

அடுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது; பின்னர் வாக்குரிமையும் போயிற்று. பதவிக்கு வழி அடைபட்டது. ஆயினும் அவரிடமிருந்து ஒருவரும் பறிக்கமுடியாத ஒன்று இருந்தது. அது எழுத்து. தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையில் எழுதினார். தமிழிலே நாவல்கள் எழுதினார். தோட்டத்து மக்கள் பாடிவந்த நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1984இல் அவர் மறைந்தபின்னும் அவ்வெழுத்து நம்முடன் இருக்கிறது. அரசியல் பேசியவர் அக்காலத்தில் பலர் இருந்தனர். நம் பாட்டிமாரின் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டு ஏட்டில் ஏற்றியவர் மிகச் சிலரே.

மூன்றாவது உதாரணம் உங்களிற் பலர் கண்ணாற் கண்டது. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்தவர். பேரன் 1972இல் கண்டியிலே பிறந்தார். பிறவியிலேயே அவருடைய வலது முழங்கை முற்றாக நிமிராது. பள்ளிக்கூடத்தில் முதலில் அவர் வீசியது மிதவேகப் பந்து. பதினான்கு வயதில், பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார். மாறியபின்தான் அவருடைய மணிக்கட்டின் அருமை தெரிந்தது. 1995இல் மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் அவரது பந்துகளைச் செல்லாதவை என்றார். அவர் விஞ்ஞான முறையிலான சோதனைகளுக்கு உடன்பட்டார், பந்துவீச்சு ஏற்கப்பட்டது. 2010இல் காலியில் விடைபெற்றபோது 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் அவர் கணக்கில் இருந்தன. மிதவேகப் பந்தையே பிடிவாதமாக வீசிக்கொண்டிருந்தால் இவரை யார் அறிந்திருப்பர்? சரியான வயதில் ஒரு பெரியவரின் கண் அவர்மேல் விழுந்ததையும் மறக்கவேண்டாம்.

பெரிய மனிதரின் கதைகளைச் சொல்லி உங்களை மலைக்கவைத்து நிறுத்திவிட நாம் விரும்பவில்லை. நமக்கு நேர்ந்த ஒரு சிறிய சம்பவத்தையும் சொல்லிவிடுகிறோம்.

நாமும் லயத்துப் பிள்ளைதான். நம்மை டாக்டராக்கிப் பார்ப்பது வீட்டாரின் ஆசை. கணிதத்தில் இருமுறை தவறினோம். இரண்டாம் முறை பெறுபேறு வந்த அன்று கோயிலுக்குப் பின்னால் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அக்காலத்தில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் கப்பலேறிப் போயிருந்தன. நம் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த பாட்டியின் தம்பியும் நீலகிரிக்குப் போய்விட்டார். அன்றிரவு பாட்டி ஒரு கடிதத்தாளுடன் வந்து, "ராசா, தம்பிக்கு நாலு வரி எழுதித் தாடா" என்றார். அவர் ஒருமணி நேரம் பேசினார், அழுதார், மாட்டைப்பற்றியும் மருமகளைப்பற்றியும் சொன்னார். நாம் எழுதி வாசித்துக் காட்டினோம். கேட்டுவிட்டுப் பாட்டி, "நான் சொல்ல நெனச்சு சொல்லாததும் இதுல இருக்கே" என்றார்.

மறுவாரம் வேறிருவர் வந்தனர். பிறகு தண்ணீர்க் குழாய்க்கு ஒரு மனு, பிறப்புப் பதிவுக்கு ஒரு மனு என்று வந்துகொண்டே இருந்தன. எழுத்தின்மேல் நமக்கு முன்பு தனியான பிரியம் ஏதும் இருந்ததில்லை. எழுத எழுத, சொல் சரியாக விழும்போது மனத்தில் ஒரு குளிர்ச்சி உண்டாயிற்று. எழுத்துவேலையே பின்னர் நமக்குச் சோறும் போட்டது. நாட்டம் என்பது ஒருநாள் வானத்திலிருந்து இறங்கும் என்று காத்திருப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: நமது விஷயத்தில் கை முன்னே சென்றது, பிரியம் பின்னே வந்தது.

சரி, தன் வலிமையை அறிவது எப்படி? நாம் கண்ட அடையாளங்கள் மூன்று. முதலாவது, பிறர் உங்களை எதற்காகத் தேடி வருகிறார்கள் என்று பாருங்கள். ரேடியோ பழுதானால் உங்களைக் கூப்பிடுகிறார்களா? சண்டை மூண்டால் சமாதானத்துக்கு அழைக்கிறார்களா? காமன் கூத்துக்கு வேஷம் கட்ட ஆள் தேடும்போது உங்கள் பெயரைச் சொல்கிறார்களா? இரண்டாவது, களைத்துப் படுக்கும் நேரத்திலும் ஒருவரும் ஏவாமலே எந்த வேலைக்குக் கை போகிறது என்று பாருங்கள். மூன்றாவது, எந்த வேலையில் ஒருவர் பிழை காட்டினால் கோபம் வராமல், இன்னொருமுறை செய்து பார்ப்போம் என்று தோன்றுகிறது என்று பாருங்கள். இம்மூன்றும் ஓரிடத்திற் கூடுமானால் அங்கே நம்பிக் கால் ஊன்றலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும்.

வலிமையைத் தேடுகிறோம் என்று சொல்லிக் கணிதப் புத்தகத்தை அடுப்பில் வைத்துவிடாதீர்கள். பாட்டுக்காரனும் வரவு செலவு பார்க்கவேண்டும். தேறக்கூடிய பாடத்தை முயன்று தேறுங்கள். தேறாவிட்டால் அதுவே உங்கள் முழு அளவு என்று எண்ணவேண்டாம்.

மற்றது இதனினும் முக்கியமானது. "உன் வலிமை இதுதான், இங்கேயே இரு" என்று பிறர் சொல்வதை எளிதில் ஏற்காதீர்கள். பெண்களின் விரல் மென்மையானது, ஆகவே கொழுந்தெடுப்பதே அவர்களுக்கு இயல்பு என்று சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். நம் அன்னையர் கைத்திறனுக்குத் தலைவணங்குகிறோம். அத்திறன் இல்லாவிட்டால் இத்தீவின் பொருளாதாரமே நிமிர்ந்திராது. ஆனால் அந்த விரல்கள் பேனாவையும் வீணையையும் சத்திரசிகிச்சைக் கத்தியையும் பிடித்துப் பார்க்க யாராவது இடம் கொடுத்தார்களா? பல விதமான வேலைகளில் கைவைத்துப் பார்த்தபின் தானே கண்டுகொள்வதுதான் வலிமை. பாராமலே பிறர் விதித்துவிடுவதற்கு வேலி என்று பெயர். சுவதர்மம் என்ற உயர்ந்த சொல்லைக்கூட இவ்வாறு வேலியாக்கியவர் உண்டு. அதற்கு நாம் இடங்கொடுத்தல் ஆகாது.

ஆகவே பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். "எத்தனை பாடம் சித்தி?" என்று கேட்பதோடு, "எதை நன்றாகச் செய்கிறாய், காட்டு பார்க்கலாம்" என்றும் கேளுங்கள். பெண் பிள்ளைகளிடமும் அவ்வாறே கேளுங்கள். சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு மாலை இம்மண்டபத்தைத் திறந்து வையுங்கள். தச்சு தெரிந்தவன் ஒரு முக்காலி செய்து கொண்டுவரட்டும். தப்பு அடிக்கத் தெரிந்தவன் அடித்துக் காட்டட்டும். கணினி தெரிந்த பெண் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பரீட்சையில் தவறியவன் வெட்கமின்றி வந்து உட்காரட்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு விளக்கும் ஒரு பாயும், பார்த்துச் சொல்ல நான்கு பெரியோரும் போதும்.

வாலிப அன்பர்களே! அடுத்த ஆண்டு விழாவிலே உங்களுள் ஒருவர் இவ்விடத்தில் நின்று, "என்னிடம் இன்னது இருப்பதைக் கண்டுகொண்டேன், அதனால் இன்னார்க்கு இந்த உதவி செய்தேன்" என்று சொல்லவேண்டும். அதைக் கேட்க நாமும் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருப்போம்.