சங்ககிரித் துர்க்கத்தில் ஒரு பகல்



மலைநடை என்றதும் இமயத்தின் அடிவாரம் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். குமாவூன் பகுதியில் பைன் மரங்களும் ஓக் மரங்களும் அடர்ந்த காடுகளினூடே ஊருக்கு ஊர் நடந்து செல்லும் வழிகள் பல உண்டு. ஓக் மரக்காட்டில் ஊற்று வற்றாது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. அத்தகைய நிழலை எண்ணிச் சங்ககிரிக்கு வருவீர்களாயின் ஏமாந்து போவீர்கள். சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே சமவெளியில் எழுந்து நிற்கும் பாறைக் குன்று அது. வேலும் கள்ளியும் சூரையும் மண்டிய சரிவு. ஒதுங்கி நிற்க வேண்டுமானால் கோட்டை வாயில்களே கதி.

அவ்வாயில்கள் அடிவாரந்தொட்டு உச்சிவரை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. திப்பு சுல்தானிடமிருந்த இத்துர்க்கம் 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் கும்பினியார் வசமாயிற்று. தீரன் சின்னமலை 1805ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் தூக்கிலிடப்பட்டது இங்கேதான். ஆடிப் பதினெட்டன்று அவரை நினைந்து மக்கள் திரளுகின்றனர்.

நான் கல்லூரியில் பயின்ற நாளில், ஒரு சித்திரை மாதம், என் தோழனுடன் இம்மலை ஏறினேன். விடியுமுன் புறப்பட வேண்டியவர்கள், பலகாரம் உண்டு முடித்து ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கூஜாத் தண்ணீர்! பாதி வழியிலேயே அதுவும் தீர்ந்தது. கற்படிகள் அனல் வீசின. ஒரு வாயிலின் அடியில் தோழன் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டான். முகத்தில் வியர்வையே இல்லை. அது எத்தகைய அபாயக் குறி என்பதை நான் அன்று அறியேன்.

"நீ இங்கேயே இரு, நான் ஒரு நொடியில் மேலே பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன். சொன்னபடி போகவும் போனேன். சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் தானியக் கிடங்கையும் பார்த்தேன். தெற்கே திருச்செங்கோட்டு மலை வெயிலில் மங்கித் தெரிந்தது. நான் சொன்ன நொடி ஒரு மணி நேரமாயிற்று.

திரும்பி வந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் தோழனை மடியில் சாய்த்து, ஈரத் துண்டால் அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மோர்க்கலயம் காலியாகக் கிடந்தது. நண்பகல் உணவே அதுதான் போலும். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மலை நாளைக்கும் இங்கதானுங்க இருக்கும்" என்றார்.

வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைத்தாங்கலாக அவனை இறக்கிக் கொண்டுவந்தோம். அவன் என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மார்கழியில் அவனே என்னை அழைத்தான். இம்முறை இருள் பிரியுமுன் ஏறினோம்; ஆளுக்கொரு கூஜா. பனியில் கற்கள் குளிர்ந்திருந்தன. அந்த வாயிலை அடைந்ததும் அவன் அதே படியில் அமர்ந்தான். களைப்பா, வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை, அருகில் அமர்ந்தேன். கீழே ரயில் ஒன்று ஈரோட்டை நோக்கிப் போயிற்று. சிறிது நேரம் கழித்து முதலில் எழுந்தவன் அவன்தான்.