மடியிலிருந்த மடக்கெழுத்தாணி



மடக்கிப் பையில் வைத்துக்கொள்ளத்தக்க, ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் அடங்கிய கத்தியொன்றைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னவுடனே, சுவிற்சர்லாந்து தேசத்து இபாக் என்னும் ஊரில் 1884ஆம் ஆண்டு கார்ல் எல்செனர் என்பார் தொடங்கிய பட்டறையும், 1891இல் அந்நாட்டுப் போர்வீரருக்கென அவர் கொடுத்த, அலகும் துளையூசியும் தகரப்பேணி திறக்கும் கருவியும் திருகாணி முடுக்கியும் ஒரே பிடியில் அமைந்த கத்தியும் உங்களிற் பலருடைய நினைவுக்கு வரக்கூடும். அது மதிக்கத்தக்க பொருளே. ஆனால், இரண்டு கருவிகளை ஒரு பிடிக்குள் மடக்கி, அப்பிடியை மடியிலே செருகிக்கொண்டு, வயலுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அதனைப் பிரியாது வாழ்ந்தவர்கள் நம் முன்னோருள்ளும் இருந்தனர். அவர்கள் மடியிலிருந்த பொருளுக்கு மடக்கெழுத்தாணி என்று பெயர். அதனைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பனையோலையில் எழுதியோர் கையாண்ட எழுத்தாணிகள் பல விதமானவை. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த தம் சுயசரிதத்திலே, குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் மூன்றையும் விவரித்திருக்கிறார். குண்டெழுத்தாணி தலை பருத்துக் குறுகியது. எழுதப் பழகும் சிறுவருக்கு உரியது. வாரெழுத்தாணி நீண்டது, அதன் மேல்முனை ஓலையை வாருதற்கு உதவும் கத்தியாக அமைந்திருக்கும். மடக்கெழுத்தாணியோ, ஒரு புறத்தில் எழுத்தாணியும் மறு புறத்தில் கத்தியும் ஆகி, வேண்டும்போது விரிந்து, வேண்டாதபோது நடுவிலுள்ள பிடிக்குள் அடங்குவது. கூர்முனை வெளியே தெரியாமையால் அதற்கு உறை வேண்டியதில்லை, வேட்டியைக் கிழிக்காது, குழந்தையின் கையிற் பட்டாலும் அபாயம் குறைவு. ஆதலால் அன்றாடம் உடன் கொண்டு திரிவதற்கு அதனினும் உகந்த எழுத்தாணி வேறில்லை என்பது என் துணிபு.

எழுதுகோலும் கத்தியும் ஏன் ஒரே பிடியில் கூடின என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். காகிதத்தில் எழுதுகிற நாம் கடையிலே வாங்கிய தாளை விரித்து உடனே எழுதத் தொடங்குகிறோம். தாளைச் செய்தவன் யார், எங்கே செய்தான் என்று நாம் கேட்பதில்லை. ஓலையில் எழுதியவனுக்கோ அவனுடைய ஏடு மரத்திலே இருந்தது. முற்றியதும் முற்றாததுமான பருவத்து ஓலையைத் தெரிந்தெடுத்து, நடுவிலே ஓடும் ஈர்க்கைக் கத்தியால் நீக்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வாரி, நிழலிலே உலர்த்தி, சிலர் வெந்நீரில் அவித்துப் பதப்படுத்தி, மேற்பரப்பு வழுவழுப்பாகும்படி தேய்த்து, பின்னர் இரு துளையிட்டு, ஒரு துளையிலே கயிறும் மற்றதிலே நாராசம் என்னும் மெல்லிய கம்பியும் கோத்து, கயிற்றின் நுனியிலே ஓலைத்துண்டைக் கிளிமூக்குப்போல நறுக்கிக் கட்டி முடித்த பின்னரே அவனுக்கு எழுதுவதற்கு ஓர் ஏட்டுக்கட்டு வாய்த்தது. இந்தப் பூர்வாங்க வேலையில் பெரும்பகுதி கத்தியின் வேலை. கத்தி செம்மையாக வாராத ஓலையிலே எழுத்தாணி செம்மையாக ஓடுவதில்லை. ஆகவே எழுதுதல் என்னும் தொழில் கத்தியிலே தொடங்கி எழுத்தாணியிலே முடிந்தது. அவ்விரண்டும் ஒரு பிடியை இருப்பிடமாகக் கொண்டது இயற்கையே.

எழுத்தாணியின் முனையைப் பேணுவதும் இலேசான காரியமன்று. முனை மிகக் கூர்மையாயின் ஓலையைத் துளைத்து அப்பால் செல்லும். மழுங்கினால் கீறல் ஆழமாக விழாது. ஆழமில்லாத கீறலில் மை நிற்காது. கம்மாலையில் அடித்துக் கொடுத்த இரும்பை, எழுதுகிறவன் தன் தீட்டுக்கல்லிலே தேய்த்துத் தன் கைக்கேற்ற பதத்துக்குக் கொண்டு வந்தான். இடக்கையில் ஓலையைத் தாங்கி, இடப்பெருவிரல் நகத்தின் ஓரத்திலே எழுத்தாணியைப் பதித்து, வலக்கையின் அசைவோடு ஓலையையும் சிறிது சிறிதாக நகர்த்தி எழுதும் முறைக்கு மேசையும் வேண்டியதில்லை, நாற்காலியும் வேண்டியதில்லை. எழுதும் வேளையில் மையும் வேண்டியதில்லை. எழுதி முடித்த பின்பு ஆறுதலாக இருந்து, விளக்குக்கரியோடு கோவையிலையோ ஊமத்தையிலையோ பிழிந்த சாற்றைச் சேர்த்துத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கருமை தங்கி எழுத்துத் துலங்கும். மைக்கூடு கவிழுமென்ற பயமின்றித் திண்ணையிலும், மரநிழலிலும், மட்டக்களப்பு வாவியைக் கடந்து எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்லும் தோணியிலும் எழுதக்கூடிய ஒரு கருவியை நம்மவர் மடியிலே வைத்திருந்தனர் என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

அந்த வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் இரு கரைகளிலும் உப்புக்காற்று ஓய்வதில்லை. மாரிக்காலத்து ஈரம் கூரைக்குள்ளும் பெட்டகத்துக்குள்ளும் புகுந்துவிடும். செல்லும் பூச்சியும் சேர்ந்துவிட்டால் ஓலைக்கு நீண்ட ஆயுள் இல்லை. ஒரு தலைமுறை எழுதிய ஏட்டை அதற்குப் பின்வந்த ஏதாவதொரு தலைமுறை பிரதி செய்யாவிட்டால் அந்நூல் அழிந்தே போகும். ஆகையால் இந்தப் பிரதேசத்து நூல்கள் இன்றுவரை உயிரோடு வந்து சேர்ந்தமைக்குப் புலவர்கள் மாத்திரம் காரணர் அல்லர். மடியில் எழுத்தாணியோடு திரிந்த, பெயர் தெரியாத பிரதிகாரர்களும் காரணர். இதனையே நான் இந்த உரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வைகாசி மாதத்துப் பூரணையை அண்டிக் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், வந்தாறுமூலை முதலிய ஊர்களிலே கண்ணகை அம்மன் கோயிற் கதவு திறந்து, திருக்குளிர்த்திச் சடங்கு வரைக்கும் வழக்குரை பாடும்போது கேட்டிருப்பீர்கள். அந்தக் கண்ணகி வழக்குரை கோயிலுக்குக் கோயில் ஏடாக இருந்து, பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் முயற்சியால் 1968ஆம் ஆண்டிலே நூலாக அச்சேறியது. மட்டக்களப்பு மான்மியமும் ஏட்டுப் பிரதிகளைக் கொண்டே எவ். எக்ஸ். சி. நடராசா அவர்களால் 1962இல் பதிப்பிக்கப்பட்டது. இவ்விரு பெரியோருக்கும் நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் கையில் வந்து சேர்ந்த ஏடுகளை அதற்கு முன்பு யாரோ ஒருவர், எந்த வேதனத்தையும் எதிர்பாராமல், பூசையின் பொருட்டோ ஊரின் பொருட்டோ, பழைய ஏடு பொடியாகுமுன் புதிய ஓலையில் எழுதி வைத்திருக்க வேண்டும். கூத்துக் களரியிலும் இதே நிலைதான். மத்தளம் அடிக்கும் அண்ணாவியாருக்கு அருகே ஏட்டைக் கையிற் பிடித்து நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவரை ஏட்டண்ணாவியார் என்றே இந்த நாட்டார் அழைத்தனர். வடமோடி தென்மோடி என்னும் இரு வகைக் கூத்துக்களும் தலைமுறை தாண்டியது அவர் போன்றோரின் ஏடுகளால். சாதகம் கணித்தவரும், வாகடம் பார்த்து மருந்து கொடுத்த பரிகாரியாரும், காணிக்கு உறுதி எழுதியவரும் ஓலையையே நம்பினர். இவர்கள் யாவரும் எழுத்தாணியை ஒரு விசேஷப் பொருளாகப் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் அல்லர். வெற்றிலைப் பையும் பாக்குவெட்டியும் போல அதுவும் உடம்போடு ஒட்டியிருந்தது. இடைவேளைகளில் அதே கத்தி கயிற்றை அறுத்தது, காயைச் சீவியது, வெற்றிலைக் காம்பையும் கிள்ளியது.

இதற்கு ஒப்பாகக் கண்டி இராச்சியத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. அங்குள்ள பிரதானிகள், பிஹாகெத்த என்னும் சித்திர வேலைப்பாடுள்ள கத்தியையும் எழுத்தாணியையும் ஒரே உறைக்குள் வைத்து இடையிலே அணிந்தனர். பொன்னும் வெள்ளியும் தந்தமும் இழைத்த அப்பொருள்கள் இன்று நூதனசாலைகளில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே இத்தகைய கைவினைகளுக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறார். சாதாரண மரப்பிடியோடு கூடிய நம் கிராமத்து எழுத்தாணிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அழகில் அது தாழ்ந்ததாயிருக்கலாம், உழைப்பில் தாழ்ந்ததன்று.

பின்னர் ஓலையின் காலம் மெல்ல மாறத் தொடங்கியது. 1814ஆம் ஆண்டு மெதடிஸ்த குருவாகிய வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு அதுவே மூலம். அதன் பின்னர் காகிதமும் இறகுப் பேனாவும், அவற்றைத் தொடர்ந்து அச்சுப் புத்தகமும் படிப்படியாகப் பரவின. மாற்றம் ஒரு நாளிலே நேர்ந்ததன்று; கோயிலும் கூத்தும் சோதிடமும் வைத்தியமும் ஓலையை நெடுங்காலம் கைவிடவில்லை. ஆயினும் மடியிலிருந்த எழுத்தாணி பெட்டகத்துக்கும், பெட்டகத்திலிருந்து பரணுக்கும் போயிற்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி இந்தப் பிரதேசத்து வீடுகளின் கூரைகளைப் பறித்தெறிந்ததையும், பின்னர் யுத்தத்தாலும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளாலும் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்ததையும் அறிந்தவர்களுக்கு, பரணிலிருந்த பொருள்களின் கதியை நான் விவரிக்க வேண்டியதில்லை.

எஞ்சியுள்ள ஏடுகளைத் தேடுவோர் இன்று இருக்கிறார்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தைப் போன்றோர் சுவடிகளைப் படம்பிடித்து எண்ணிம வடிவில் பாதுகாக்கின்றனர். அது போற்றத்தக்க பணி. ஆனால் ஏட்டைத் தேடிச் செல்வோரும் அதனை எழுதிய இரும்பைக் கேட்பது அரிது. என் மனத்தை வருத்துவது இதுவே. ஏட்டிலே ஓரிடத்தில் எழுத்து மெலிந்தும் வேறோரிடத்தில் தடித்தும் இருப்பதற்கு எழுதியவரின் கை மட்டுமா காரணம், எழுத்தாணியின் முனையும் காரணமா என்று ஆராய வேண்டுமாயின், ஏடும் எழுத்தாணியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

ஆதலால் நேயர்களே, உங்கள் வீட்டிலே, பழைய வட்டாவுக்குள்ளோ பெட்டகத்தின் அடியிலோ, ஒரு முனை கூராகவும் மறுமுனை அலகாகவும் உள்ள துருப்பிடித்த இரும்பு கிடந்தால், அதனைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் எடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அரத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். தேய்த்தால் முனையின் பழைய பதம் போய்விடும். மூட்டு இறுகியிருப்பின் பலவந்தமாக விரிக்காமல் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் வைத்திருங்கள். அதனோடு ஓலைத்துண்டு ஏதாவது இருந்தால், ஒற்றை நறுக்காயினும், இரண்டையும் பிரிக்க வேண்டாம். வீட்டிலுள்ள முதியவரிடம் அது யாருடையது, அவர் கோயிலில் ஏடு படித்தவரா, கூத்தில் ஏட்டண்ணாவியாரா, பரிகாரியாரா, சாதகம் கணித்தவரா, எந்த ஊரவர் என்று கேட்டு, அவர் சொல்லுகின்றவற்றை ஒரு காகிதத்தில் எழுதிச் சேர்த்து வையுங்கள். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலே இத்துறையில் ஈடுபாடுள்ள ஆசிரியர்களிடம் அதனைக் கொண்டுபோய்க் காட்டலாம். கொடுத்துவிட மனமில்லாவிடின், படமெடுக்கவும் அளவெடுக்கவும் மாத்திரம் இடங்கொடுத்து, பொருளை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.