நாலு கிராமுக்கு நீதி இல்லை

அமெரிக்காவின் 1986 போதைப்பொருள் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, எடைக் கணக்குதான். 'கிராக்' கொக்கைன் 5 கிராம் விற்றால் குறைந்தது 5 ஆண்டு சிறை. தூள் கொக்கைன் என்றால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

2010இல் அந்த 100 மடங்கை 18 மடங்காக்கினார்கள். சமமாக்க மனம் வரவில்லை, பாருங்கள்! அதுவும் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லை. அவர்கள் மீண்டும் நீதிமன்றம் போக 2018இல்தான் சட்டம் வந்தது. அப்போதும் குறைப்பது நீதிபதியின் விருப்பம், உரிமை அல்ல.

2021, டெரி வழக்கு. அவர்மீதான வழக்கு 4 கிராமுக்கும் குறைவான கிராக். தண்டனை 15 ஆண்டுக்கு மேல். சிறிய அளவுக்கான பிரிவை 2010 சட்டம் மாற்றவில்லை, ஆகவே மனுவுக்கு இடமில்லை என்றது உச்ச நீதிமன்றம். 5 கிராமைத் தாண்டியவர் மனுப் போடலாம். தாண்டாதவர் உள்ளேயே இருக்க வேண்டும்.