நூற்றில் பதினொரு பேர்



இந்தக் கூடலூர் மேடை ஏறும்போது அவைத் தலைவர் என் காதோரம் ஒன்று கேட்டார். "டாக்டர், பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருது. அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு விளக்குறேன். சரிதானே?" பதிலை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் அவர் நிம்மதியாகக் கண்ணயர்ந்துவிடுவார்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார். "பல்லு நல்லாத்தான் சார் இருக்கு, ஆட்டந்தான் நிக்கல" என்றார். கீழ்வரிசை முன்பல்லை இரண்டு விரலால் பிடித்தேன். கையோடு வந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பொட்டளவு சொத்தை இல்லை. வேரில் மட்டும் அழுக்கு இறுகிக் கறுத்த காரை, பாத்திரத்தில் அடிப்பிடித்த மாதிரி. வீடு முழுசாக நிற்கிறது, அடியில் மண் போய்விட்டது. அந்த மண், அதாவது தாடை எலும்பு, எங்கே போயிற்று? யார் அரித்தது?

கிருமி என்று சொல்வோம். நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். அது பாதிக் கதை.

முதல் பாதியை நிரூபித்தவர் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரத்தில், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களான 12 பேரிடம், "பல் விளக்குவதை நிறுத்துங்கள்" என்றார். எந்தப் பிள்ளைதான் மறுக்கும்? 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. திரும்ப விளக்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆகிவிட்டது. 1965-ல் அதை வெளியிட்டார். அழுக்கு சேர்ந்தால் வீக்கம், போனால் குணம். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதே லோதான் இன்னொரு கேள்வியோடு கிளம்பினார். அழுக்கை அகற்றாமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் என்ன ஆகும்? பல் மருத்துவமே எட்டிப் பார்க்காத ஓர் ஊர் வேண்டும். அவரும் சகாக்களும் வந்து சேர்ந்த இடம் இலங்கை மலையகம். ஆம், தேயிலைத் தோட்டம். 1970-ல் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திறந்து, ஒவ்வொரு பல்லோரமும் கம்பி விட்டு அளந்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். கடைசி அளவைக்கு மிஞ்சியிருந்தவர்கள் 161 பேர். அந்தப் பதினைந்து வருஷத்தில் தோட்டங்களில் என்ன நடந்தது, எத்தனை தமிழ்க் குடும்பம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியது என்று இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் அந்தக் கப்பலின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வைத்தியம் இல்லாத குறையே ஆராய்ச்சிக்குத் தகுதியாகிப் போனதே என்று எனக்கு அவர்களின் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆனால் அதில் கிடைத்த விடை உலகப் பல் மருத்துவத்தையே புரட்டிப் போட்டது.

எல்லோருடைய பல்லிலும் அழுக்கு. எல்லோருடைய ஈறிலும் வீக்கம். அதில் நூற்றில் 8 பேருக்கு எலும்பு வேகமாகக் கரைந்தது. 35 வயதுக்குள் பல்லின் பிடிமானத்தில் சராசரி 9 மில்லிமீட்டர் போயிருந்தது; வேரின் நீளமே 13 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். 81 பேருக்கு மெதுவாக இறங்கியது. மீதி 11 பேர்? ஒன்றும் ஆகவில்லை! ஈறு வீங்கியதோடு சரி. அதே தோட்டம், அதே லயக் குடியிருப்பு, அதே அழுக்கு. பல் மட்டும் பாறையில் நட்ட கல் மாதிரி நின்றது.

அழுக்கு ஒன்றாக இருக்க, விளைவு மூன்றாகப் பிரிந்தால், வித்தியாசம் அழுக்கில் மட்டும் இருக்க முடியாது. அந்த மனிதர்களின் எதிர்ப்புச் சக்தியையும் பார்த்தாக வேண்டும்.

கொஞ்சம் உள்ளே போவோம். நம் தோல் எங்கேயும் கிழியாத போர்வை. அதைக் குத்திக்கொண்டு வெளியே நிற்கிற கெட்டியான உறுப்பு பல் ஒன்றுதான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சந்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம். கிருமி நுழைய அதைவிட வசதியான வாசல் உடம்பில் கிடையாது. அதனால் அங்கே இரவு பகலாகக் காவல். நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் நிமிஷத்துக்குச் சுமார் 30,000 வாய்க்குள் இறங்குகின்றன. நான் பேசத் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகிறது என்றால், உங்கள் ஒவ்வொருவர் வாயிலும் ஒன்றரை லட்சம் பேர் வேலைக்கு வந்துவிட்டார்கள். கிருமியை விழுங்கும், விஷத்தைக் கக்கும், தன் மரபணு இழையையே வலையாக வீசிப் பிடிக்கும். நாம் சீழ் என்று முகம் சுளிக்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்தக் காவலர்களின் பிணம்தான்.

சிக்கல் எங்கே வருகிறது? காரைக்குள் கிருமி குடியிருந்தால் காவலர்கள் ஓயமாட்டார்கள். அவர்கள் கக்கும் நொதி கிருமியையும் தின்னும், பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் தின்னும். பின்னால் வருகிற வெள்ளை அணுக்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தட்டி எழுப்பிவிடும். தொற்று எலும்பை எட்டுவதற்குள் எலும்பையே பின்வாங்க வைக்கிறது உடம்பு. வெள்ளம் வரும்போது கரையோர வீட்டைக் காலி செய்கிற மாதிரி. எனக்கு இதில் ஒரு புத்தி தெரிகிறது. அந்த அம்மாவுக்குத் தெரியாது, பல் அவர் கையில் இருக்கிறது.

போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்று ஒரு கிருமி. கூட்டத்தில் சிறுபான்மைதான், ஆனால் சூழ்ச்சிக்காரன். காவலர்களின் சமிக்ஞையைக் குழப்பி, தன்னைக் கொல்லாமல், சண்டையை மட்டும் ஓயாமல் நடக்க விடும். சிதைந்த சதையும் கசிந்த ரத்தமும் அதற்குச் சாப்பாடு. வேறு கிருமியே இல்லாத எலிகளின் வாயில் இதை மட்டும் விட்டுப் பார்த்தார்கள், 2011-ல் வந்த ஆய்வு அது. எலும்பு கரையவில்லை. கலகத்துக்குக் கூட்டம் வேண்டும்.

இப்படிச் சொன்னால், காவலையே குறைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வெள்ளை அணு ரத்தக் குழாயை விட்டு வெளியே வர முடியாத ஒரு பிறவிக் கோளாறு உண்டு. அந்தக் குழந்தைகளுக்குத்தான் பால்பல்லே தங்காது. காவலில்லாத இடத்தில் அபாயச் சங்கு நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. சங்கை நிறுத்தும் வேலையும் நியூட்ரோஃபிலுடையதுதான். அதனால் மருத்துவர்கள் நடுவழி தேடுகிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரையை ஈறு நோய்க்கு, காரை சுரண்டுவதோடு சேர்த்துக் கொடுக்க அனுமதித்தார்கள். அந்த அளவு கிருமியைக் கொல்லாது. நாரை அறுக்கும் நம் சொந்த நொதியின் கூர்மையை மழுக்கும். இதைக் கேட்டுவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்.

சர்க்கரை கூடினால் இந்தக் காவல் தடுமாறும். ஈறு புண்ணானால் சர்க்கரையும் இறங்க அடம்பிடிக்கும். பீடி குடிக்கிறவர்களுக்கு ஈறில் ரத்தம் அவ்வளவாகத் தெரியாது. புகை அதை மறைத்துவிடும். ரத்தம் வரவில்லை என்று அவர்கள் பெருமைப்படுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். "க்ளீன் பண்ணா பல் ஆடிரும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை சிமெண்டு மாதிரி பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

தலைவர் ஐயா, தூங்கவில்லையே? ரத்தம் வருகிற இடத்தில்தான் சண்டை நடக்கிறது. மென்மையான பிரஷை வைத்து அங்கேயே விளக்குங்கள். ஆர்ஹஸ் மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. அதற்கு மேலும் ரத்தம் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே காரை இருக்கும், சுரண்டி எடுக்க வேண்டும்.

பையில் டார்ச்சும் வாய்க்கண்ணாடியும் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அந்த ஜன்னலோரம் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து வந்த பெரியவர்கள் முதலில் வாருங்கள். அந்தப் பதினொரு பேரின் வாரிசு ஒருவராவது இங்கே உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு ஒரு சபலம். தலைவர் அடுத்து.