கேட்ட இசையும் பாடும் நாவும்

திருச்சிற்றம்பலம்.



ஐந்தாம் திருநாளாகிய இன்று அம்மையப்பர் இடப வாகனத்தில் எழுந்தருளத் திருவுளங்கொண்டுள்ளார். அதற்கு முன்னர்த் திருஞானசம்பந்தப் பெருமானைப் பற்றிச் சில சொல்லுமாறு அன்பர்கள் எம்மைப் பணித்தார்கள். பெருமானுடைய வரலாறு கடல் போன்றது. அதில் ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் காலத்துக்கு வேண்டிய ஒரு வினாவுக்கு விடை தேடுவோம். பெரிய இசைவாணர்கள் பாடியும் வாசித்தும் வைத்துப்போன ஒலிப்பதிவுகள் இன்று வீடுதோறும் இருக்கின்றன. சட்டைப்பையில் உள்ள கைப்பேசியிலும் இருக்கின்றன. அவற்றை எவ்வாறு கேட்பது? கேட்டபின் என்ன செய்வது? இதுவே வினா.

திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனாரை அறியாதார் இல்லை. எருக்கத்தம்புலியூரில் தோன்றியவர். தம் வாழ்க்கைத் துணைவியார் மதங்கசூளாமணியாரோடு சம்பந்தப் பெருமானைப் பிரியாதிருந்து, பெருமான் அருளிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர். காரைக்காலுக்கு அருகில் உள்ள தருமபுரம் அவருடைய அன்னையார் பிறந்த ஊர். அங்கே சென்றபோது சுற்றத்தார் கூடி, “நீர் யாழில் வாசிப்பதனால் அன்றோ பதிகத்தின் இசை உலகில் பரவுகிறது!” என்று புகழ்ந்தார்கள். உறவினர் புகழ்ச்சி நமக்கு இனிக்கும். நாயனாருக்கோ அது நெருப்பாகச் சுட்டது. பெருமான் திருவடியில் வீழ்ந்து, யாழில் அடங்காத பதிகம் ஒன்று அருளவேண்டும் என்று வேண்டினார். பெருமானும் அருளினார். யாழ் திகைத்தது; விரல் ஓடவில்லை. நாயனார் மெய் நடுங்கி, இக்கருவியால் வந்த பிழை இது என்று அதனை முறிக்க ஓங்கினார். பெருமான் தடுத்து யாழை வாங்கிக்கொண்டார். அம்மையும் அப்பரும் அருளிய பெருமை முழுவதும் ஒரு கருவிக்குள் அடங்குமோ, உலகத்தார் உணரும்பொருட்டுக் கருவிக்கு இயன்ற அளவில் வாசிப்பதே முறை என்னும் கருத்துப்பட ஆறுதல் கூறி, யாழை மீண்டும் அவர் கையிலேயே கொடுத்தருளினார். அத்தலத்து இறைவருக்கு யாழ்முரிநாதர் என்றே திருப்பெயர்.

அன்பர்களே! இங்கே இரண்டு உண்மைகள் உள்ளன. கருவியில் எல்லாம் அடங்காது என்பது ஒன்று. அடங்காது என்பதற்காகக் கருவியை முறிக்கலாகாது என்பது மற்றொன்று.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையவர்களை எண்ணிப் பாருங்கள். 1898இல் தோன்றி 1956இல் மறைந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவான். நாதசுரச் சக்கரவர்த்தி என்று நாடு கொண்டாடிய பேரறிஞர். சுவாமி புறப்பாட்டில் அவர் தோடியைத் தொடங்கினால் இரவு போவது தெரியாது என்று முதியோர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தத் தோடி இசைத்தட்டில் ஏறியது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு இடம் ஏறத்தாழ 3 நிமிடமே. மணிக்கணக்காக வீதியை நிறைத்த பெருவெள்ளம் ஒரு செம்பில் பிடித்த நீராயிற்று. ஆனாலும் அந்தச் செம்பு நீரே எத்தனை பேர் தாகத்தைத் தீர்த்தது! அவரை நேரில் காணாத நாதசுரக் கலைஞர் பலர், அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு, கேட்டதைத் தம் சீவாளியில் தேடித் தேடி வளர்ந்தார்கள். கருவிக்கு இயன்ற அளவு என்று பெருமான் அருளியதன் பயன் அது.

எம் இளமையில் நிகழ்ந்தது ஒன்று சொல்லுவோம். இசையரசு தண்டபாணி தேசிகர் அவர்கள் ஓதுவார் மரபில் வந்தவர். 1942இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நின்று பாடியவர். அவர் 1972இல் மறைந்தபோது யாம் சிறுவர். ஆயினும் எம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் அவருடைய இசைத்தட்டுகள் இருந்தன. நாள்தோறும் மாலையில் அங்கே சென்று திண்ணையில் அமர்ந்து கேட்டு, ஒரு பாட்டைப் பாடமாக்கிக்கொண்டோம். பெருமிதத்தோடு எமக்குத் தேவாரம் பயிற்றிய ஆசிரியர் முன்னிலையில் பாடினோம். ஓர் இடம் வந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அடே, இந்தச் சொல்லை ஏன் மூன்று முறை சொல்கிறாய்? தட்டில் இருந்த கீறலையும் சேர்த்துப் பாடம் பண்ணிவிட்டாயே!” என்றார். யாம் நாணித் தலைகுனிந்தோம். அவர் முதுகில் தட்டிக்கொடுத்து, “கேட்டது நல்லது. ஆனால் தேசிகர் சுவாமியை நினைத்துப் பாடினார். நீ தட்டை நினைத்துப் பாடுகிறாய். அவர் எதைப் பார்த்துக்கொண்டு பாடினாரோ அதை நீயும் பார்” என்றார். அதன் பொருள் எமக்கு விளங்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

எவ்வாறு விளங்கிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். காவிரிக்கரையில் ஒரு சிற்றூர். ஆண்டுதோறும் அங்குள்ள கோயிலில் யாம் சொற்பொழிவு செய்வதுண்டு. அக்கோயில் ஓதுவார் முதுமையால் சிவபதம் அடைந்தார். அவர் இடத்துக்கு வேறொருவர் வரவில்லை. ஊரார் எம்மிடம் வந்து, “பூசை நேரத்தில் தேவாரம் இல்லாமல் இருக்கிறது. ஒலிப்பதிவை வைத்துவிடலாமா?” என்று கேட்டார்கள். “தாராளமாக வைக்கலாம்” என்று சொன்னதும் யாமே. தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்கள் பதிகங்களைப் பண்ணோடு பாடிப் பெருந்தொகையாகப் பதிவு செய்து அளித்த செல்வம் சைவ உலகம் அறிந்தது. அவற்றில் சிலவற்றை வாங்கிக் கொடுத்ததும் யாமே. நல்ல பணி செய்தோம் என்று மகிழ்ந்திருந்தோம். எம் சொற்பொழிவிலும், குரல் தளர்ந்தது என்று காரணம் காட்டி, பாட்டு வரும் இடங்களில் ஒலிப்பதிவையே பாடச் செய்தோம்.

ஓர் ஆண்டு திருவிழாவில் மாலைப் பூசை. தீபாராதனைக்கு மணி அடிக்கும் வேளையில் மின்சாரம் நின்றது. ஒலிபெருக்கி வாய் மூடியது. பதிகம் பாதியில் அறுந்தது. சந்நிதியில் நூறு பேர் நின்றோம்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் எம் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பதிகத்துக்குப் பொருள் விரித்துப் பலமுறை பேசியவர் யாம். ஆயிரம் முறை கேட்டவர் யாம். இரண்டாம் அடிக்கு மேல் எமக்கு வரவில்லை! வெட்கத்தால் கண்ணை மூடிக்கொண்டோம்.

அப்பொழுது தூண் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் எழுந்தது. கோயிலுக்குப் பூத் தொடுக்கும் மூதாட்டியார். விட்ட இடத்திலிருந்து எடுத்து, திருக்கடைக்காப்பு வரை பாடி முடித்தார். பண் சிற்சில இடங்களில் நழுவிற்று. அன்பு ஓரிடத்தும் நழுவவில்லை. தீபத்தின் ஒளியில் அம்மையார் கண்ணீர் மின்னியது. பூசை முடிந்ததும் அவரை அணுகி, “யாரிடம் கற்றீர்கள் அம்மா?” என்று வினவினோம். “யாருகிட்டே கத்துக்கிட்டேன் ஐயா? பூக் கட்டறப்போ அந்தப் பெட்டி பாடும். நானும் கூடவே பாடுவேன். தப்பிருந்தாலும் சாமி கோவிச்சுக்க மாட்டாருன்னு ஒரு தைரியந்தான்” என்றார்.

அன்பர்களே! ஒலிப்பதிவு ஒன்றே, கேட்டவர்கள் இருவர். எமக்கு அது நம் பொருட்டுப் பாடும் கூலியாள் ஆயிற்று. அம்மையாருக்கோ கைபிடித்து அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஆயிற்று. யாம் வாங்கிக் கொடுத்த பொருளால் யாம் ஊமையானோம். அவர் நாவரசி ஆனார்.

இன்னும் ஒன்று. மூவர் திருமுறைகள் தில்லையில் ஓர் அறையில் செல்லரித்துக் கிடந்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடுகள் எஞ்சிய அளவில் கிடைத்தன, பண் கிடைக்கவில்லை. ஏட்டில் சொல் இருக்கும், இசை இராதன்றோ! இறைவன் அருளால் எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த பெண்ணொருத்தியிடமிருந்து பண்முறை பெறப்பட்டது. பாருங்கள்: அன்று எந்தப் பெரியவர் தம் யாழில் அடங்கவில்லை என்று கலங்கினாரோ, அவர் மரபின் நாவில்தான் பண் அடங்கியிருந்தது! இசை தங்கும் கோயில் மனிதருடைய கண்டமே. இராசராச சோழரும் இதனை அறிந்திருந்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பேரை நியமித்து, அவர்களுக்கு உடுக்கையும் மத்தளமும் வாசிப்பார் இருவரையும் வைத்ததைக் கல்வெட்டு இன்றும் சொல்லுகிறது. ஏடு கிடைத்துவிட்டது, போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. பாடும் நாவுக்கு நிவந்தம் வைத்தார்.

ஆகவே யாம் வேண்டிக்கொள்வது இதுவே. பெரியோர் பாடலை நாள்தோறும் கேளுங்கள். ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது நெஞ்சில் ஊறிய பின் பெட்டியை நிறுத்திவிட்டு நீங்கள் பாடுங்கள். தவறினால் மீண்டும் கேளுங்கள், மீண்டும் பாடுங்கள். வீட்டில் ஒரு குழந்தையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஊரில் ஓதுவார் இருப்பின் அவரைப் போற்றுங்கள். இல்லையெனில் ஒருவரைக் கொண்டுவர முயலுங்கள். ஒலிப்பதிவு ஓதுவாருக்குத் துணையாகலாம், ஓதுவாருக்கு ஈடாகலாகாது.

அந்தச் சிற்றூரில் இப்பொழுது சோமவாரந்தோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் சந்நிதியில் பாடுகிறார்கள். மூதாட்டியார் முன்னே அமர்ந்திருக்கிறார். யாமும் செல்லும்போதெல்லாம் அவர்களோடு அமர்ந்து, அறுபதைக் கடந்த வயதில், விட்ட பாடத்தை மீண்டும் படிக்கிறோம். குரல் உடைகிறது. உடைந்தாலும் நிறுத்துவதில்லை.

அதோ, புறப்பாட்டுக்கு நாதசுரம் ஒலிக்கிறது. எல்லோரும் சென்று சுவாமிக்கு அருகில் நின்று கேளுங்கள். கேட்டு, உங்களுக்குத் தெரிந்த ஒரு தேவாரத்தை வாய்விட்டுப் பாடுங்கள். யாழை முறிக்கவிடாமல் காத்த பிள்ளையார், நம் குரலையும் அதன் அளவில் ஏற்று அருளுவார்.

திருச்சிற்றம்பலம்.