சாலை பேசும் மொழி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ளது. இரவு பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையோரத்துத் தேநீர்க் கடை ஒன்றில் சற்றே அமர்ந்திருந்தால் ஒரு காட்சியைக் காணலாம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள், சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரிகள், சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பும் லாரிகள் என ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூரைச் சிமெண்டு ஆலைகளின் ஊராக ஆக்கியிருக்கிறது. அந்த லாரிகளை ஓட்டுவோர் எல்லாரும் நம் ஊர்க்காரர் அல்லர். தெலுங்கு பேசுபவர் உண்டு. கன்னடம் பேசுபவர் உண்டு. இந்தி பேசுபவரும் உண்டு. தமிழ் எழுத்து ஒன்றும் அறியாத ஒருவர், முன்பின் பார்த்திராத ஒரு சாலையில், இருட்டில் வண்டி ஓட்டி வருகிறார். முன்னே வளைவு இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? பள்ளிக்கூடம் இருக்கிறது என்று யார் சொல்வது? சாலையே அன்றோ சொல்ல வேண்டும்!

அப்படிச் சாலை பேசும் மொழியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன், மாணவ நண்பர்களே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெடுஞ்சாலைப் பணியில் பொறியாளனாக இருந்தவன் நான். அந்த மொழியைக் கற்றவன். ஒருமுறை அதில் பிழையும் செய்தவன். அந்தப் பிழையையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

வழிப்போக்கனுக்கு வழி சொல்லும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. கோயம்புத்தூருக்கு அருகே இராசகேசரிப் பெருவழி எனும் பழைய சாலையைக் குறிக்கும் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. ஒன்றைப் படிக்கத் தெரியாதவர் மற்றொன்றைப் படித்துக்கொள்ளலாம் அல்லவா? தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் இன்னும் வியப்பானவை. எத்தனை காதம் என்பதை எழுத்தில் பொறித்ததோடு அவை நிற்கவில்லை. பெரிய குழிகளையும் சிறிய குழிகளையும் வெட்டி, அதே எண்ணைத் தடவிப் பார்த்தே எண்ணிக்கொள்ளும்படி செய்திருக்கின்றன. எழுத்தறியாதவனும் வழி அறிய வேண்டும், இருட்டில் வந்தவனும் அறிய வேண்டும் என்று எண்ணிய ஒருவன் அந்தக் கல்லுக்குப் பின்னே இருந்திருக்கிறான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் கருணை தெரிகிறது.

மோட்டார் வண்டி வந்த பிறகு இந்தத் தேவை பன்மடங்காகப் பெருகியது. 1909இல் பாரிசு நகரில் பல நாட்டார் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். அதில் நான்கே நான்கு எச்சரிக்கைக் குறிகளை ஏற்றுக்கொண்டனர். மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, இரயில் பாதை ஆகியவையே அந்நான்கு. 1968இல் வியன்னாவில் உருவான உடன்படிக்கை இக்குறிகளை மிகவும் விரிவாக வகுத்தது. இந்தியா அதில் 1980இல் சேர்ந்தது.

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சாலைக் குறிகளுக்கென ஓர் அட்டவணை இருந்தது. அதற்குப் பின் வந்த 1988ஆம் ஆண்டின் சட்டத்திலும் இருக்கிறது. பலகையின் அளவு என்ன, நிறம் என்ன, எவ்வளவு தொலைவில் நட வேண்டும் என்பனவற்றையெல்லாம் வகுப்பது 1934இல் தோன்றிய இந்தியச் சாலைப் பேரவை. அதன் 67ஆம் எண் விதித்தொகுப்பு சாலைக் குறிகளுக்கு உரியது. அது 1977இல் முதன்முதலாக வெளிவந்தது. 2001, 2010, 2012, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது.

இம்மொழியின் இலக்கணம் மிக எளியது. முக்கோணம் எச்சரிக்கும். வட்டம் கட்டளையிடும். செவ்வகம் செய்தி சொல்லும். இவ்விலக்கணத்திலிருந்து வேண்டுமென்றே விலகிய குறிகள் இரண்டு. நில் என்னும் பலகை எட்டுப் பக்கம் உடையது. வழிவிடு என்னும் பலகை தலைகீழாக நிற்கும் முக்கோணம். ஏன் இந்த விலக்கு? புழுதி படிந்து எழுத்து மறைந்தாலும், பின்புறத்திலிருந்து பார்த்தாலும், வடிவத்தைக் கண்டே பொருள் விளங்க வேண்டும் என்பதற்காகத்தான். சாலையோரக் கற்களும் இப்படியே பேசுகின்றன. தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மைல் போய்க் கிலோமீட்டர் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் அவற்றை மைல்கல் என்றே அழைக்கிறோம். பெயர் பழையதாக இருப்பதில் தீங்கில்லை. கல்லில் உள்ள எண் பழையதாக இருந்தால்தான் தீங்கு.

இங்கே ஒரு வினா எழலாம். முக்கோணம் என்றும் முக்கோணம்தானே, வட்டம் என்றும் வட்டம்தானே, பிறகு விதித்தொகுப்பை ஏன் அடிக்கடி திருத்த வேண்டும்? குறி மாறாவிட்டாலும் சாலை மாறுகிறது என்பதே விடை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 14 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, இன்னதென்று உணர்ந்து, காலால் பிரேக்கை அழுத்துவதற்கு இரண்டரை வினாடி ஆகும் என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்குள் வண்டி 35 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து முழுதும் நிற்பதையும் சேர்த்தால் 60 மீட்டர் வேண்டும். வேகம் 80 ஆனால்? அதே இரண்டரை வினாடியில் 55 மீட்டர் போய்விடும். நிற்பதற்கு மொத்தம் 120 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கிற்குச் சற்றே மேல்; தொலைவோ இரு மடங்கு! 100 கிலோமீட்டர் வேகத்திற்கு 180 மீட்டர் வேண்டும். ஆகவே சாலை அகன்று வேகம் கூடும்போது பலகை பெரிதாக வேண்டும். எழுத்து பெரிதாக வேண்டும். நடுமிடம் தள்ளிப் போக வேண்டும். வண்டியின் முகப்பு விளக்கொளியை ஓட்டுநர் கண்ணுக்கே திருப்பி அனுப்பும் தாள் அதில் ஒட்டப்பட வேண்டும். திருத்தங்களின் உயிர்நாடி இதுவே.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஊர்ப் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டா. அரியலூர்ப் பக்கத்தில் ஒரு கிளைச் சாலையை அகலப்படுத்தினோம். குண்டும் குழியுமாக இருந்த சாலை வழவழப்பான தார்ச்சாலை ஆயிற்று. ஊரார் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். பணி முடிந்ததும் பட்டியலை எடுத்துக்கொண்டு பகலில் ஜீப்பில் போனேன். பள்ளிப் பலகை இருக்க வேண்டும் என்று பட்டியல் சொன்னது, பலகை இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது. கையெழுத்திட்டுவிட்டேன்.

மார்கழி மாதத்து மாலைப்பொழுது. சிறப்பு வகுப்பு முடிந்து சைக்கிளில் வெளியே வந்த ஒரு மாணவன் மேல் லாரி ஒன்றின் பின்பகுதி உரசிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, கால் முறிந்தது. நான் போனபோது ஓட்டுநர் சாலையோரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் தெலுங்கர். “பலகையும் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரிந்தார்கள், சார்” என்று அவர் தம் மொழியில் சொன்னதை உடனிருந்தவர் தமிழில் சொன்னார்.

மறுநாள் காலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நானே நடந்தேன். பலகை பள்ளி வாயிலுக்கு 60 மீட்டருக்கு முன்னே, பழைய இடத்திலேயே நின்றது. வண்ணம் மங்கிய பழைய பலகை. இருட்டில் அருகே வந்தால்தான் தெரியும். சாலை பழுதாக இருந்த காலத்தில் லாரிகள் ஊர்ந்து வந்தன. அந்த 60 மீட்டர் போதுமானதாக இருந்தது. நாங்கள் சாலையைச் செப்பனிட்டு வேகத்தைக் கூட்டினோம். எச்சரிக்கையை மட்டும் பழைய வேகத்திலேயே விட்டுவிட்டோம். பலகை இருந்தது, எச்சரிக்கை இல்லை. அன்றிரவே போய்ப் பார்த்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். பகலில் பார்த்துக் கையெழுத்திட்டது என் குற்றமே அன்றிப் பிறர் குற்றமன்று.

பலகையைத் தொலைவுக்குத் தள்ளி நட்டோம்; ஒளி திருப்பும் தாள் ஒட்டினோம்; வேகக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றும் சேர்த்தோம். அந்த மாணவனைச் சில ஆண்டுகளுக்குப் பின் பார்த்தேன். “இப்போது நன்றாக நடக்கிறேன், ஐயா, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் வலிக்கும்” என்றான். மழை பெய்யும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

எச்சரிக்கை காலத்தில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அரியலூர் அறிந்த அளவு வேறோர் ஊர் அறிந்திருக்குமா என்பது ஐயமே. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், பெருமழை வெள்ளத்தால் மருதையாற்றுப் பாலம் சேதமடைந்திருந்தது. தூத்துக்குடி விரைவு இரயில் வண்டி விடிவதற்கு முன் அதன்மேல் வந்தது. பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன; நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குத் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை. வண்டியை அவர் ஓட்டவில்லை. ஆயினும் பொறுப்பு என்னுடையது என்றார். ஒரு பலகைக்குக் கையெழுத்திடும் சிறிய அலுவலனுக்கும் அந்தச் செயலில் ஒரு பாடம் உண்டு.

இரயில் பாதையில் நேர்ந்த அந்தப் பெருந்துயரை நாடு முழுதும் அறிந்தது. சாலையில் நாள்தோறும் ஒருவர் இருவராக மடிவதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் மாண்டவர்கள். பலகைகளை மாற்றிவிட்டால் இவ்வளவு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மிகுந்த வேகமே இச்சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்று அதே கணக்கு காட்டுகிறது. ஆனால் வேகத்தைக் குறைக்க எண்ணும் ஓட்டுநருக்கும், எங்கே குறைப்பது என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

திருத்தம் என்பது அளவும் தாளும் மட்டுமன்று; பார்வையும் ஆகும். இங்கிலாந்தில் 1960களில் சாலைக் குறிகள் அனைத்தையும் புதிதாக வரைந்தனர். அப்பணியில் ஈடுபட்ட இருவருள் ஒருவர் மார்கரெட் கால்வெர்ட் எனும் பெண்மணி. பழைய பள்ளிக் குறியில் தொப்பியணிந்த ஒரு பையன் சிறுமியை அழைத்துச் சென்றான். கால்வெர்ட் அதை மாற்றி, ஒரு சிறுமி தன்னினும் சிறிய பையனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதாக வரைந்தார். தம்முடைய சிறுவயது உருவத்தையே அதற்கு மாதிரியாகக் கொண்டார். குறியை வரைபவர், அதன் கீழே நடந்து செல்பவரை மனத்தில் எண்ணினார் என்பதே அதன் சிறப்பு.

விதித்தொகுப்பு தில்லியில் திருந்திவிடும். அது பெரம்பலூர்ச் சாலையோரத்திற்கு வந்து சேர்வது நம் கையில் இருக்கிறது. உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. நீங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்லும் வழியில் எத்தனை குறிகள் உள்ளன என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். சீமைக் கருவேலங் கிளை மூடியது எது, காதணி விழாச் சுவரொட்டி மறைத்தது எது, பலகை திருட்டுப்போய்க் கம்பம் மட்டும் நிற்பது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாநிலச் சாலையாயின் நெடுஞ்சாலைத் துறையின் உட்கோட்ட அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதலாம். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 எனும் தொலைபேசி எண் உண்டு. நம் பக்கத்தில் மக்காச்சோளத்தைச் சாலையில் உலர்த்தி, சுற்றிலும் கற்களை அடுக்கும் வழக்கம் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் அந்தக் கற்களை அகற்றும்படி வீட்டுப் பெரியவர்களிடம் பணிவோடு சொல்லுங்கள். எந்தக் குறியும் எச்சரிக்காத ஆபத்து அது.

அதியமான் பெருவழியில் குழி வெட்டிய அந்தப் பெயரறியாக் கல்தச்சன், தான் என்றும் காணப் போகாத வழிப்போக்கனுக்காக உளியைப் பிடித்தான். இன்றிரவும் பெரம்பலூரைக் கடந்து அரியலூரை நோக்கி ஒருவர் வண்டி ஓட்டி வருவார். அவர் மொழி நமக்குத் தெரியாது. நம் மொழி அவருக்குத் தெரியாது. நாம் நட்டு வைத்த பலகை ஒன்றே அவரோடு பேசும். அது உரிய காலத்தில், உண்மையைப் பேசட்டும்.