அடி விழும் முன்பே கதவைத் தட்டுவோம்

(பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறை குறித்த கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குழந்தை மீதான கொடுமை ஒன்று செய்தியாகும்போது நாம் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம். புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் நிலையத்தை முற்றுகையிடுகிறோம். குற்றவாளி கைதாகும்வரை ஓய்வதில்லை. இவை அனைத்தும் தேவையான போராட்டங்களே. ஆனால், அந்தச் செய்தி வருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? யார் யார் அறிந்திருந்தார்கள்? அறிந்தும் ஏன் வாளாவிருந்தார்கள்? இக்கேள்விகளை நாம் போதிய அளவு எழுப்புவதில்லை. அந்த ஆறு மாதங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மூடிய கதவுக்குப் பின்னால்

ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 2007இல் வெளியிட்டது. மூன்று குழந்தைகளில் இருவர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். குடும்பத்திற்குள் தாக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேரைத் தாக்கியவர்கள் பெற்றோரே.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), திருமணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை அனுபவித்துள்ளனர். கர்நாடகத்தில் இது 44 சதவீதத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 38 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதத்தினர் எவரிடமும் உதவி கோரவில்லை, எவரிடமும் சொல்லவும் இல்லை. தாயைத் தந்தை அடிப்பதைக் கண்டு வளர்ந்த பெண்கள், பின்னாளில் தாமும் கணவரின் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்பதையும் இந்த ஆய்வு காட்டுகிறது. தாயின் மீது விழும் அடி, அருகில் நின்று பார்க்கும் குழந்தையின் மீதும் விழுகிறது. எனவே பெண்ணின் பாதுகாப்பையும் குழந்தையின் பாதுகாப்பையும் தனித்தனி வேலைகளாகப் பிரிக்க இயலாது.

நெருக்கடியும் ஆணாதிக்கமும்

வன்முறை ஏழைகளின் பழக்கம் என்று சொல்வோர் உண்டு. அது வர்க்கத் திமிர். மாளிகைகளிலும் அடி விழுகிறது. அங்கே சுவர்கள் தடிமனானவை, அவ்வளவுதான். அதே வேளையில், உழைக்கும் மக்களின் வாழ்நிலை வன்முறைக்கான சூழலை எவ்வாறு கூர்மையாக்குகிறது என்பதையும் நாம் பார்க்கத் தவறக்கூடாது. நிரந்தர வேலை ஒழிந்துவிட்டது. நுண்கடன் நிறுவனத்தின் வசூல்காரர் வாரந்தோறும் வாசலில் நிற்கிறார். ஒரே அறையில் ஐவர் வாழ்கிறார்கள். மதுவை வருவாய்க்கான வழியாகவே அரசுகள் நடத்துகின்றன. இவை ஒன்றுசேர்ந்து ஒரு வீட்டை நெருக்குகின்றன.

ஆனால், வேலை பறிபோன ஆண் முதலாளியை அடிப்பதில்லை, கடன்காரரை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியையும் குழந்தையையும் அடிக்கிறான். நெருக்கடி அழுத்தத்தைக் கூட்டுகிறது. அந்த அழுத்தம் யார் முதுகில் இறங்க வேண்டும் என்பதை ஆணாதிக்கம் தீர்மானிக்கிறது. தனிச்சொத்தோடு பெண்ணின் அடிமைத்தனம் பிணைந்திருப்பதை ஏங்கெல்ஸ் 1884லேயே விளக்கினார். அதைப் படித்திருக்கும் நாம், வறுமை ஒழிந்தால் அடியும் தானாக ஒழிந்துவிடும் என்று காத்திருக்க முடியாது.

சட்டத்தில் உள்ள கதவு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மாதர் இயக்கங்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற சட்டம் அது. அதன் 4ஆவது பிரிவைத் தோழர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். வன்முறை நடந்துவிட்டது என்று மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தாலே, எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தருவோர் மீது வழக்குத் தொடர முடியாது. அடி விழும் முன்பே தலையிட அச்சட்டம் வழி திறந்து வைத்திருக்கிறது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் கொடுமைக்கு ஆளாகும் ஆபத்தில் உள்ள குழந்தையைப் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்றே கருதுகிறது. குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கோட்பாடு. குழந்தை குடும்பத்தோடே வளர்வதற்காக, தகுதியுள்ள குடும்பங்களுக்கு ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கும் இடமுண்டு.

கதவு இருக்கிறது, திறப்பதற்கு ஆள் இல்லை. பல மாநிலங்களில் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு, ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் அதிகாரியின் தலையில் கூடுதலாக ஏற்றப்பட்டுள்ளது. கிராமக் குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள் பல இடங்களில் பதிவேட்டில் மட்டுமே கூடுகின்றன. தொண்டு அமைப்புகளின் வலைப்பின்னலில் வளர்ந்த 1098 உதவி எண், 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் 112 அவசர எண்ணுடன் இணைக்கப்பட்டுள்ளது. வீடு தேடிச் சென்று பேசும் களப்பணியாளர் இல்லையென்றால், எந்த எண்ணும் வெறும் மணியோசைதான்.

ஒரே ஆண்டின் இரு நடவடிக்கைகளை ஒப்பிடுங்கள். 2018இல் 12 வயதுக்கு உட்பட்ட சிறுமியர் மீதான வல்லுறவுக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. அதே 2018இல், அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு தரும் மதிப்பூதியம் 4,500 ரூபாயாகவும் உதவியாளருக்கு 2,250 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. குழந்தையின் முதுகில் உள்ள தழும்பை முதலில் காண்பவர் அந்த ஊழியர்தான். அவரை ஊழியர் என்று ஏற்கவே மறுக்கும் அரசு, தூக்குக் கயிற்றைக் காட்டிக் குழந்தைகளைப் பாதுகாப்பதாகப் பேசுகிறது. ஆகவே, அங்கன்வாடி ஊழியர்களின் ஊதியப் போராட்டம் குழந்தைப் பாதுகாப்புக்கான போராட்டமும் ஆகும்.

செய்து காட்டிய அனுபவங்கள்

முடியாத ஒன்றை நாம் கோரவில்லை. மும்பை மாநகராட்சி, செஹத் அமைப்புடன் இணைந்து, பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் 2000களின் தொடக்கத்தில் ‘திலாசா’ மையத்தைத் தொடங்கியது. காயத்தோடு வரும் பெண்ணிடம் செவிலியரும் மருத்துவரும் தனியே பேசி, ஆலோசகரிடம் அனுப்பும் ஏற்பாடு அது. “வழுக்கி விழுந்துவிட்டேன்” என்ற பதிலோடு விட்டுவிடாமல், அடுத்த கேள்வியைக் கேட்கும் பயிற்சி அங்கே அளிக்கப்பட்டது. பின்னர் அது நகரின் பிற மருத்துவமனைகளுக்கும் விரிந்தது. கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகளில் ஜாக்ரதா சமிதிகள் இயங்குகின்றன. குடும்பஸ்ரீ பெண்கள் தத்தம் பகுதியில் எங்கெங்கே எத்தகைய வன்முறை நிகழ்கிறது என்பதைத் தாங்களே வரைபடமாக்கும் பணியைச் செய்துள்ளனர். இரு இடங்களிலும் பொது நிறுவனமே பொறுப்பேற்றிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு ஆபத்துகள்

முதலாவது, சமரசப் பஞ்சாயத்து. “இனி அடிக்கமாட்டான், போம்மா” என்று எழுதி வாங்கிப் பெண்ணைத் திருப்பி அனுப்புவது தலையீடு ஆகாது. அவள் வெளியே பேசினாள் என்ற காரணத்திற்காகவே அன்றிரவு கூடுதலாக அடி விழக்கூடும். அவளது விருப்பமும் பாதுகாப்புமே நமது அளவுகோல்.

இரண்டாவது, பாதுகாப்பின் பெயரால் கண்காணிப்பு. தலித், ஆதிவாசி, இஸ்லாமியக் குடும்பங்களைச் சந்தேகத்தோடு பார்க்கவும், சாதி மறுத்துக் காதலித்த இளையோரைப் போக்சோ வழக்கில் சிக்கவைக்கவும் ‘குழந்தை நலன்’ என்ற சொல் பயன்படுத்தப்படுவதை நாம் அறிவோம். நாம் அந்தக் குடும்பத்தின் அண்டை வீட்டாராகச் செல்கிறோம், உளவாளிகளாகச் செல்லவில்லை.

கிளைகள் செய்ய வேண்டியவை

கிளைத் தோழர்கள் அறிகுறிகளைக் கவனிக்கக் கற்க வேண்டும். பள்ளி முடிந்தும் வீடு திரும்ப விரும்பாத குழந்தை, காரணமின்றி வகுப்புக்கு வராத சிறுவன், திடீரெனச் சங்கக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்ட பெண் – இவர்களைத் தேடிச் செல்லுங்கள். பெண்ணிடம் பெண் தோழர் தனியே பேசட்டும். கணவரை வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டாம். அறிவுரைக்கு முன்பு அவள் சொல்வதைக் கேளுங்கள்.

உடனடி உதவி பெரும்பாலும் பொருளாயத உதவியே. ரேஷன் அட்டை, நூறு நாள் வேலையின் நிலுவைக் கூலி, கடன் வசூல்காரரைத் தடுத்து நிறுத்துவது, நிதி ஆதரவுக்கான விண்ணப்பம், மது மீட்புச் சிகிச்சை – இவை ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் அழுத்தத்தைக் குறைக்கும். அவள் அங்கிருந்து வெளியேற விரும்பினால், எங்கே தங்குவாள் என்பதற்கும் நம்மிடம் விடை இருக்க வேண்டும்.

குழந்தை மீது பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால், “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்களிக்காதீர்கள். போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம். அதைக் குழந்தையிடமும் தாயிடமும் பரிவோடு முன்கூட்டியே விளக்கி, இறுதிவரை உடன் நிற்க வேண்டும்.

தத்தம் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் யார், குழந்தைகள் நலக் குழு எங்கே கூடுகிறது என்பதை ஒவ்வொரு கிளையும் அறிந்திருக்க வேண்டும். முழுநேர அலுவலர் இல்லாத மாவட்டங்களில் அவரை நியமிக்கக் கோரும் இயக்கத்தை மாதர், வாலிபர், தொழிற்சங்க அமைப்புகள் கூட்டாக நடத்த வேண்டும்.

கடைசியாக ஒன்று. மேற்கூறிய 29 சதவீதத்திற்கு வெளியே நம் உறுப்பினர்களின் வீடுகள் தானாகவே நின்றுவிடுவதில்லை. ஆலை வாயிலில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் கை ஓங்கும் உறுப்பினரைப் பற்றி, “அது அவர் குடும்ப விவகாரம்” என்று கிளை ஒதுங்கினால், அண்டை வீட்டாரின் கதவைத் தட்டும் தார்மீக உரிமையை நாம் இழந்துவிடுவோம். கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு பொருளாக வையுங்கள். உடனடியாக எல்லாவற்றையும் சாதித்துவிட முடியாது. ஆனால் உங்கள் பகுதியில் அச்சத்தோடு உறங்கப் போகும் ஒரு குழந்தைக்கு, ஓடிவந்து தட்ட ஒரு கதவு உண்டு என்ற நிலையை இந்த ஆண்டிலேயே உருவாக்க முடியும். அப்பணியை ஒவ்வொரு கிளையும் ஏற்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.